களிமண் தன் தங்கைக்கு வைத்திருந்த இடம்

கல்லும் உப்பும் தண்ணீரும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், செங்கரடு என்ற மலைக்குள் ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்கா வெள்ளைக் கல், பெயர் வெள்ளச்சி. தங்கை செம்பு, பெயர் செம்பி. வெள்ளச்சி மலையின் வயிற்றில் அகலமாகப் படுத்திருந்தாள். அவள் உடம்பில் ஓடிய ஒரு பிளவுக்குள் செம்பி கொடிபோல நீண்டு கிடந்தாள். யார் முதலில் பிறந்தது என்று இருவருக்குமே தெரியாது. செம்பி ஓயாமல் கேள்வி கேட்பாள், வெள்ளச்சி பதில் சொல்வாள். அதனால் வெள்ளச்சி அக்கா ஆகிவிட்டாள்.

மலைக்குள் வெளிச்சம் கிடையாது. வெள்ளச்சிக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. தங்கை பக்கத்தில் இருக்கிறாள், வேறென்ன வேண்டும்? செம்பிக்கு அப்படியில்லை. ஒரு நாள் மேலே எங்கோ சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது.

"அது என்னக்கா?"

"சுனைத் தண்ணி. அது பாட்டுக்கு அது போகும். நீ தூங்கு."

செம்பி தூங்கவில்லை. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்து, கடைசியில் அந்தப் பிளவுக்குள்ளேயே எட்டிப் பார்த்தது. மலைமேல் உதிர்ந்த இலையெல்லாம் ஊறிப் புளித்துப்போன தண்ணீர் அது. வாயாடித் தண்ணீர். கீழே வெயில் என்று ஒன்று இருப்பதையும், மாடுகள் வந்து வாய்வைத்துக் குடிப்பதையும், பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிப்பதையும், எல்லாவற்றுக்கும் கடைசியில் கடல் கிடப்பதையும் சொல்லிக்கொண்டே இருந்தது.

"நானும் வரட்டுமா?" என்று செம்பி கேட்டாள்.

"வா. ஆனா இப்படிக் கெட்டியா வர முடியாது. கரைஞ்சுதான் வரணும்."

வெள்ளச்சிக்குக் கோபம் வந்தது. "கரைஞ்சு போனா நீ நீயா இருக்க மாட்டே. அங்கே உன்னைத் தாங்கிப் பிடிக்க யார் இருக்கா?"

"நீ தாங்கிப் பிடிச்சே எனக்கு என் உருவம் எதுன்னு தெரியலக்கா," என்றாள் செம்பி. "உன் பிளவு எப்படிப் போகுதோ அதுதான் நான். ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வர்றேனே."

"போனவங்க யாரும் இந்த மலைக்குள்ள திரும்பி வந்ததில்ல."

"நான் வருவேன்."

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. புளித்த தண்ணீர் பிளவு நிறைய இறங்கியது. வெள்ளச்சி தன்னால் முடிந்த மட்டும் இறுகிக்கொண்டு பார்த்தாள். ஆனால் கல்லுக்குக் கை ஏது, மடி ஏது? தங்கை நுனியிலிருந்து கரைவதை அவளால் உணர மட்டும்தான் முடிந்தது. "வந்துருவேன்க்கா" என்று செம்பி சொன்னபோது அவள் குரலில் பாதி தண்ணீரின் சத்தமாக இருந்தது. அதன்பின் பிளவு காலியாகிவிட்டது. அதில் காற்றுதான் வந்து வந்து போயிற்று.

வெள்ளச்சி காத்திருந்தாள். மலை தேய்ந்து அவள் முகம் வெளியே தெரிகிற அளவுக்குக் காலம் போயிற்று. வெயிலை அப்போதுதான் முதல்முறை பார்த்தாள். இதைப் பார்க்கத்தானே அவள் போனாள் என்று தோன்றியது. மேலே உட்கார்ந்த ஓணானிடமும் ஒதுங்கிய ஆடுகளிடமும் தங்கையைப் பற்றிக் கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பருந்து மட்டும் சொன்னது: "மலையை விட்டு இறங்கின ஓடை ஒண்ணு மயில் கழுத்து நிறத்துல போச்சு. அது எங்கே போய்ச் சேர்ந்துச்சுன்னு நான் பார்க்கல."

அது போதுமாக இருந்தது. வெள்ளச்சி மழையைக் கூப்பிட்டாள்.

"என்னை உடைச்சுக் கீழே கொண்டுபோ."

மழை தயங்கியது. "உடைக்கலாம். ஆனா திரும்பச் சேர்த்து வைக்க எனக்குத் தெரியாது. இந்தக் கெட்டித்தனம் போயிரும். போறவன் வர்றவன் எல்லாம் உன்னை மிதிப்பான். யோசிச்சுச் சொல்லு."

"அவ கரைஞ்சப்போ நான் கெட்டியா இருந்தேன். அதனாலதான் பிடிக்க முடியல. இந்தக் கெட்டித்தனத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யப்போறேன்?"

மழை பெய்தது, ஓய்ந்தது, மறுபடி பெய்தது. வெயில் காய்ந்தது. வெள்ளச்சி மெல்ல மெல்லப் பொடிந்தாள். பொடிந்தவள் மணலாகிவிடவில்லை. ஏடு ஏடாகப் பிரிந்தாள். மாவைவிட மெல்லிய ஏடுகள், ஒன்றின்மேல் ஒன்று. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தது. கல்லாக இருந்தபோது இல்லாத இடம். தனக்கு மடி வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் களிமண் ஆகியிருந்தாள்.

வெள்ளம் அவளை மலையடிவாரத்துக்கு இழுத்து வந்தது. அங்கே ஓடை இரண்டாகப் பிரிகிறது. வெள்ளம் இடப்பக்கம் திரும்பியது. செம்பி போனது வலப்பக்கம். அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இடப்பக்க ஓடையின் ஒரு வளைவில், தண்ணீர் நின்று நிதானிக்கிற இடத்தில், வெள்ளச்சி படிந்தாள். தன் ஏடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, கடந்துபோகும் ஒவ்வொரு தண்ணீரையும் பார்த்தாள். எதிலும் மயில் கழுத்து நிறம் இல்லை. காலியான மடி கல்லின் காலியான பிளவைவிட அதிகமாக வலித்தது.

ஒரு கோடையில், தூரத்து உவர் நிலத்திலிருந்து காற்றோடு ஒருத்தி வந்து அங்கே விழுந்தாள். உப்பு. பெயர் உவரி.

"இடம் இருக்குமாக்கா? ரொம்ப தூரம் பறந்துட்டேன்."

"இருக்கு. ஆனா அது என் தங்கச்சிக்கு வெச்ச இடம்."

"அவ வர்ற வரைக்கும் உட்கார்ந்துக்கறேன். வந்ததும் எந்திரிச்சுப் போயிடறேன். சரியா?"

வெள்ளச்சி சரி என்றாள். உவரி ஏடுகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் போக வேறு இடம் இல்லை. பிறந்த நிலத்தில் புல்கூட முளைக்காது, அதனால் எல்லாரும் தன்னைத் திட்டுவார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். கோடை முற்றி வளைவு வறண்டு, வெள்ளச்சி புழுதியாகிப் பறந்துவிடுவாளோ என்று இருந்த நாட்களில், காற்றில் இருக்கிற கொஞ்ச ஈரத்தை உவரிதான் இழுத்துப் பிடித்து அவளை ஒன்றாக வைத்திருந்தாள். வெள்ளச்சி தங்கையைப் பற்றிப் பேசப்பேச அவள் சலிக்காமல் கேட்டுக்கொண்டாள். கேட்டுக் கேட்டு, பார்க்காத செம்பியின் குரல்கூட அவளுக்குத் தெரிந்துவிட்டதுபோல இருந்தது.

இப்படியே பல காலம் போன பிறகு, ஒரு கோடையில், சடைச்சி என்ற பெண் குடத்தோடு அந்த வளைவுக்கு வந்தாள்.

சடைச்சி மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடைப்பட்டியில் ஆடு மேய்ப்பவள். வலப்பக்க ஓடையை மறித்துக் கரை கட்டிய குட்டைதான் அந்த ஊருக்குத் தண்ணீர். ஓடாமல் தேங்கித் தேங்கி அந்தத் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. முதலில் ஆடுகள் செத்தன. பிறகு மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். சடைச்சியின் புருஷன் ஒண்டியப்பன் எழுந்திருக்க முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தான். ஊர் கூடி, மறுநாள் காலையில் எல்லாரும் ஊரை விட்டுக் கிளம்புவது என்று முடிவு செய்தது. "நடக்க முடியாதவங்க?" என்று சடைச்சி கேட்டாள். ஊர் மூப்பன் தரையைப் பார்த்தான். மற்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு மேடு ஏறி இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

வந்து பார்த்தால் ஓடை வறண்டு கிடந்தது. கையாலேயே தோண்டினாள். நகம் பெயரத் தோண்டினாள். வெள்ளையாகக் களிமண்தான் வந்தது. குடத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து, "ஒரு குடம் தண்ணிக்கு வக்கில்லாத நீயெல்லாம் ஒரு ஓடையா?" என்று திட்டினாள். திட்டும்போதே அழுதாள்.

"ஆடி போய் ஆவணி வரணும் அம்மணி," என்றது களிமண். "உங்க ஊர்ல தண்ணி இல்லையா?"

"குட்டை நெறையக் கெடக்குது ஆத்தா. வாயில வெக்க முடியல. மயில் கழுத்தாட்ட மின்னுது. நாக்குல பட்டாச் சுருக்குனு இழுக்குது. படிக்கல்லெல்லாம் பச்சையாக் களிம்பு புடிச்சுக் கெடக்குது. குடிச்சவங்க வாந்தி எடுத்தே சாகறாங்க."

வெள்ளச்சியின் ஏடுகள் ஒன்றோடொன்று உரசின. "அந்தத் தண்ணி ஏதாவது பேசுமா?"

"பேசுது. நின்னு கேக்கத்தான் யாருக்கும் மனசில்ல. அக்கா, அக்கான்னு ஏதோ முனகிட்டே இருக்கும்."

தோண்டிய குழிக்குள் களிமண் தானாக அசைந்தது. சடைச்சி பயந்துபோய்க் குனிந்து பார்த்தாள்.

"என்னை அள்ளிக் குடத்துல போட்டுக்கோ," என்றாள் வெள்ளச்சி. "அந்தத் தண்ணியில என்னைக் கரை. அவ என் தங்கச்சி. அவளை நான் எடுத்துக்கறேன். மிச்சத் தண்ணி உனக்கு."

"சேத்தைக் கரைச்சா தண்ணி நல்லாயிருமா ஆத்தா?"

"எனக்குத் தெரியாது அம்மணி. ஆனா அவளைத் தண்ணிகிட்ட இருந்து பிரிக்க என்னைத் தவிர யாரும் இல்ல."

சடைச்சி இரண்டு கையாலும் அள்ளிக் குடம் நிறைய அமுக்கினாள். தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏறினாள். குடத்துக்குள் உவரி, வந்த நாளிலிருந்து முதல்முறையாக, சிரிக்காமல் இருந்தாள்.

"அவ வந்துட்டா நான் எந்திரிச்சுக்கணும் இல்லையாக்கா?"

"நெருக்கி உட்கார்ந்தா ரெண்டு பேருக்கும் இடம் பத்தும்," என்றாள் வெள்ளச்சி.

"பத்தாதுக்கா. எவ்வளவு இடம் இருக்குன்னு உன்னைவிட எனக்குத்தான் தெரியும்."

வெள்ளச்சி வழியெல்லாம் தன் ஏடுகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டே வந்தாள். 

பொழுது சாய்கிற நேரத்தில் சடைச்சி ஊருக்குள் வந்தாள். வீட்டுக்கு வீடு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நேராகக் குட்டைக்கரையில் இருந்த தன் குடிசைக்குப் போய், வாசலில் கிடந்த ஒரு பெரிய மண் தாழியில் குட்டைத் தண்ணீரை மொண்டு ஊற்றி, களிமண்ணைப் பிசைந்து கரைத்தாள். தண்ணீர் பால்போல வெளுத்துக் கலங்கியது. மூப்பன் வந்து பார்த்தான்.

"விஷத் தண்ணியில சேத்தைக் கரைச்சுக் குடிக்கப் போறியா? புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு?"

"நீங்க மூட்டையக் கட்டுங்க மாமா," என்றாள் சடைச்சி. "நான் தூக்க வேண்டியது படுத்துக் கெடக்கற ஆளு. மூட்டை இல்ல."

மூப்பன் போய்விட்டான். சடைச்சி கையால் தாழியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

தாழிக்குள் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே குரல் வந்தது. ஒரு வாயிலிருந்து வந்ததாக இல்லை. "யாரு?"

"நான்தான்."

"அக்கா கல்லு. நீ கல்லு இல்லையே."

"கல்லாத்தான் இருந்தேன். உன்னைத் தேடிட்டு வர்றதுக்காக உடைஞ்சேன்."

தண்ணீர் நடுங்கியது. "கிட்ட வராதேக்கா. என்னைத் தொட்டதெல்லாம் சாகுது. மாடு வந்து குடிக்கும், பொம்பளைங்க சிரிப்பாங்கன்னு சொல்லித்தான் அந்தச் சுனைத் தண்ணி கூட்டிட்டு வந்துச்சு. இங்க என்னைப் பார்த்து யாரும் சிரிக்கல. இங்கிருந்து போகவும் வழியில்ல. கரை கட்டி வெச்சிருக்காங்க."

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே உன்னை உடம்புக்குள்ள வெச்சிருந்தவ நான். எனக்கு என்ன ஆகப்போகுது? வா."

"அக்கா, நான் முழுசா இல்ல. போன பெருமழையில கரை உடைஞ்சுது, அதைத் திரும்பக் கட்டறதுக்குள்ள பாதி கடல் பக்கம் போயிருச்சு."

"கடலைப் பார்த்தியா?"

"அந்தப் பாதி பார்த்திருக்கும். எனக்குத் தெரியாது."

இருக்கிறது வரட்டும் என்று வெள்ளச்சி தன் ஏடுகளைத் திறந்தாள். திறந்த இடத்திலெல்லாம் உவரி உட்கார்ந்திருந்தாள். வெள்ளச்சியால் 'எழுந்திரு' என்று சொல்ல முடியவில்லை. திறந்தபடியே நின்றாள். வெளியே தாழியைக் கலக்கும் சடைச்சியின் கை ஓய ஆரம்பித்திருந்தது. குடிசைக்குள்ளிருந்து ஒண்டியப்பன் முனகுவது கேட்டது.

"இவ்வளவு காலம் வேற எங்கயும் நான் உட்கார்ந்ததில்லக்கா," என்றாள் உவரி. "எந்த இடமும் என்னை இரு-ன்னு சொன்னதும் இல்ல."

"நீ போனா எங்க போவே?"

"தண்ணியில கலந்துருவேன். எனக்குப் பழக்கம்தான். நீ ஒண்ணு மட்டும் சொல்லு. சும்மாவேனும் சொல்லு. இடம் இருந்திருந்தா என்னை வெச்சிருப்பேதானே?"

"சும்மா சொல்லல," என்றாள் வெள்ளச்சி. "வெச்சிருப்பேன்."

உவரி எழுந்தாள். ஏடு ஏடாக எழுந்து தண்ணீருக்குள் போனாள். அவள் எழுந்த ஒவ்வோர் இடத்திலும் செம்பி வந்து உட்கார்ந்தாள். வெள்ளச்சி இந்த முறை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கும்போதே போகிறவளைத் திரும்பிப் பார்த்தாள். உவரியைத் தண்ணீரிலிருந்து பிரித்து அறிய முடியவில்லை.

களிமண் மெல்லத் தாழியின் அடியில் படிந்தது. வெள்ளையாகக் கரைந்தது இப்போது வெளிர்நீலமாக இருந்தது. மேலே தண்ணீர் தெளிந்து, அடிவரை தெரிந்தது. சடைச்சி சிரட்டையில் மொண்டு முதலில் தான் குடித்தாள். நாக்கு சுருங்கவில்லை. லேசாகக் கரித்தது, அவ்வளவுதான். வயிறு என்ன சொல்கிறது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஒண்டியப்பனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாயில் ஊற்றினாள். குடித்தவன் அதை வெளியே தள்ளவில்லை. இன்னொரு சிரட்டைக்காகக் கையை நீட்டினான்.

காலையில் மூட்டையோடு வந்து நின்றவர்கள், அவன் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்கள். மூப்பன் தன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "எந்த ஓடைச் சேறு அம்மணி?" என்று கேட்டான். அவன் கேட்டதும் சடைச்சி அழுதுவிட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு ஊரே மேடு ஏறியது.

தாழியின் அடியில் படிந்ததைக் குட்டையிலோ வயலிலோ கொட்ட வேண்டாம் என்று வெள்ளச்சி கேட்டுக்கொண்டாள். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கணும். தண்ணி வராத இடமாப் பார்த்து வை." சடைச்சி மேட்டின் உச்சியில், ஒரு புங்கமரத்தடியில், ஆழமாகக் குழி தோண்டி வைத்தாள். ஊர்க்காரர்கள் தெளியவைத்த தாழிகளின் மண்ணும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. குட்டைத் தண்ணீர் நாளாக நாளாக நிறம் மாறியது. பச்சை போயிற்று. ஆடுகள் இறங்கிக் குடித்தன.

யாரும் அள்ளாமல் வளைவில் மிஞ்சிக் கிடந்த மற்றப் பாதி வெள்ளச்சி அடுத்த வெள்ளத்தில் புறப்பட்டுவிட்டாள். கடல் பக்கம் போன மீதித் தங்கையைத் தேட வேண்டுமே. ஆறுகளிலும் ஏரிகளிலும் வாய்க்கால் அடியிலும் படிந்து படிந்து போனாள். வழியில் துத்தநாகம் வந்தது, ஈயம் வந்தது, இன்னும் பெயர் தெரியாத உலோகமெல்லாம் தண்ணீரில் கரைந்து வழிதவறி வந்தது. ஒவ்வொன்றையும் நிறுத்தி, "நீ செம்பியா?" என்று கேட்டாள். இல்லையென்று தெரிந்த பிறகும் விட மனம் வரவில்லை. உன்னையும் யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள், அதுவரை இங்கே இரு என்று சொல்லிப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

புங்கமரத்தடியில் செம்பி ஒரு நாள் கேட்டாள்: "அக்கா, எனக்கு முன்னாடி இந்த இடத்துல யாராவது இருந்தாங்களா?"

"ஏன் கேக்கறே?"

"உட்கார்ந்து பழகின இடமாட்டம் இருக்குது."

"ஒருத்தி இருந்தா," என்றாள் வெள்ளச்சி.

"இப்போ எங்கே?"

வெள்ளச்சி மேட்டுக்குக் கீழே தெரிகிற ஊரைப் பார்த்தாள். அங்கே பெண்கள் குடத்தைச் சாய்த்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "தெரியலியே," என்றாள். தங்கை தூங்கிய பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

களிமண் தண்ணீரில் அலைகிற உலோகத்தை விடாமல் பிடித்து மடியில் வைத்துக்கொள்வதும், அப்படி ஒவ்வொன்றைப் பிடிக்கும்போதும் தன்னிடம் இருந்த உப்பை எழுப்பி அனுப்புவதும், அதனால் தெளிந்த தண்ணீர் நாக்கில் லேசாகக் கரிப்பதும் அன்று முதல்தான்.